நாலு பேர் கமிட்டி

'நாலு பேர் என்ன சொல்லுவாங்க?' இந்த நாலு பேர் யார் என்று பி.காம். படித்த என்னாலேயே கணக்குப் பார்க்க முடியவில்லை. செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தால், டிக்கெட் இல்லாமல் அவர்களும் கூடவே ஏறிவிடுகிறார்கள்.

சாமி விஷயத்தில் இந்தக் கமிட்டிக்கு பவர் ஜாஸ்தி. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பாருங்கள். 1827-ல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறிய தமிழாசிரியர். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்தில் அது லேசான காரியமா? ஆனால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தான் நம்பியதைத் தனக்குக் கைவந்த தமிழிலேயே பாடினார். 1894-ல் வந்தது 'இரட்சணிய யாத்திரிகம்'. அதன் மூல நூலை எழுதிய ஜான் பனியன், தடையை மீறிப் பிரசங்கம் செய்ததற்காக 1660-லிருந்து 12 வருஷம் ஜெயிலில் கிடந்தவர்.

ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்து ஜெபம் பண்ணினால் நமக்கென்ன ஜெயிலா? அதிகபட்சம் ஒரு நமட்டுச் சிரிப்பு! ஒரு திங்கட்கிழமை துணிந்து கண்ணை மூடினேன். திறந்தபோது எதிர் சீட்டுக்காரர் கேட்டது, "ஊறுகாய் இருக்கா சார்?"

பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. அடுத்தவர் காதைத் திருகிச் சொல்வது தைரியம் இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்வதுதான் தைரியம்.

இரண்டு வாரம் கழித்து அதே மனுஷர் மெதுவாக வந்தார். "அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். நீங்க கண்ணை மூடும்போது அவங்களையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க சார்."

கமிட்டியில் ஒருத்தர் குறைந்தார். பாக்கி மூணு!