ஹிட்லரும் செக்ரோலும்

பிரம்பைச் சற்றுப் பலமாக வீசும் தலைமையாசிரியருக்கு மலையகத்தில் ஹிட்லர் என்று பெயர். அதட்டிப் பேசும் துரைக்கும் அதுவே பெயர். தேர்தல் மேடையில் எதிரணித் தலைவருக்கும் அதனையே சூட்டுகிறோம். வசையாக மட்டும் வழங்கியிருந்தாலும் போகட்டும். 2018 ஜூன் மாதம் கோத்தாபய ராஜபக்ஷவின் பிறந்தநாள் தானத்தின்போது, அஸ்கிரிய பீடத்தின் அநுநாயக்க தேரர் வெண்டருவே உபாலி, ஹிட்லராக மாறியாவது நாட்டைக் கட்டியெழுப்புமாறு அவருக்கு உபதேசம் செய்தார். வசைக்கும் வாழ்த்துக்கும் ஒரே பெயர் என்றாகிவிட்ட பின்னர், அப்பெயரைக் கொண்டு நாம் எதனை அளக்கப் போகிறோம்?

ஆஷ்விட்ஸ் முகாமில் மாத்திரம் ஏறத்தாழ 11 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். நமது லயங்களை அதனருகே நிறுத்துவது அங்கு மாண்டவரை அவமதிப்பதாகும். இங்கு வாழ்ந்தவர்க்கும் அதனால் நன்மையில்லை. அவ்வளவு மோசமா என்று கேட்பவர், இல்லையெனக் கண்டதும் எழுந்து போய்விடுகிறார். ஆனால் அந்தப் பெயரை விடுத்து, அதன்கீழ் வேலை பார்த்த கைகளை நோக்கினால் நாம் அறிய வேண்டியது உண்டு. 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவ் என்னும் ஊருக்கு ஹம்பர்க் நகரத்துப் பொலிஸ் பட்டாளம் ஒன்று அனுப்பப்பட்டது. பெரும்பாலும் நடுவயதினர், குடும்பஸ்தர்கள். ஊரிலுள்ள யூதரைச் சுட வேண்டும், மூத்தோரில் இயலாதவர் விலகிக்கொள்ளலாம் எனத் தளபதியே கண்கலங்கக் கூறினான். ஏறக்குறைய ஐந்நூறு பேரில் அக்கணமே விலகியவர் பன்னிரண்டு பேரளவில்தான். அன்று மாண்டோர் சுமார் 1,500.

அந்தப் பன்னிரண்டை மனத்திற் கொண்டு நமது மலைக்கு வருவோம்.

இங்கே கொடுமை செய்தவன் அந்நியன் என்றே எழுதிப் பழகிவிட்டோம். துரையின் பங்கை எவரும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், முன்பணத்தைக் கடனாக எழுதி, அக்கடனைத் 'துண்டு' என்னும் சீட்டில் ஏற்றி, ஆளையும் கடனையும் சேர்த்தே தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றியவன் கங்காணி அல்லவா? அவன் நம் ஊரான். பல வேளை மாமன் முறை, மச்சான் முறை. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு உண்டு. காய்ச்சற்காரனைப் பிரட்டுக் களத்துக்கு இழுத்துவர அவன் அரக்கனாக இருக்க வேண்டியதில்லை. துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

பிரஜாவுரிமைச் சட்டமோ 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்து, ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டின் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோற் காட்டியது. 1946க்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். 1951 ஆகஸ்ட் 5க்குள் மனுப்போட வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. 1964 வரை ஏற்கப்பட்டோர் 1,34,000 அளவே. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் யார்? சான்று போதாதென்று குறிப்பெழுதியவர், அதனைத் தட்டச்சுச் செய்தவர், முத்திரை குத்தியவர், தபாலிற் சேர்த்தவர். எவர் கையிலும் இரத்தக்கறை இல்லை. 1964 அக்டோபர் உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எழுதிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். ரயில் என்றதும் ஆஷ்விட்ஸை நினைவூட்டும் பேச்சாளர்கள் உண்டு. இந்த ரயிலுக்குத்தான் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறதே!

கறை படிந்த கைகளும் இல்லாமற் போகவில்லை. 2000 அக்டோபர் 25இல், பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், சுற்றுவட்டாரத்தார் திரண்டு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரைக் கொன்றனர். ஆயுதந்தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ அறுபது பேர் அங்கே நின்றனர். யூசெஃபூவில் ஒருவன் விலகினாலே போதும். இவர்களுக்கோ தடுப்பதே கடமை. 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் ஐவரும் விடுதலையாயினர்.

இன்று கொழுந்து மடுவத்தில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் இரண்டு கிலோ, மூன்று கிலோ கழிக்கப்படுவதைத் தோட்டத்திலே வளர்ந்த எவரும் அறிவர். நிர்ணயித்த அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். கழிப்பவர் பெரும்பாலும் லயத்திலே பிறந்தவர், நம்மிடமே கணக்குப் படித்தவர். கோயில் திருவிழாவில் முன்னின்று உழைப்பவர். அவரை ஹிட்லர் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர்கள், தாயின் கூடையில் வந்த கொழுந்தையும் செக்ரோலில் விழுந்த கிலோவையும் ஒரு மாதம் குறித்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.