பூசாமல் விட்ட முதல் பூச்சு

டீச்சரம்மா மேசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, அம்மைத் தழும்பு மாதிரி இருக்கே?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்ற பையனைக் காட்டி, "இவன் அவசரமா கலக்கிட்டான்மா" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது அவனுக்கு 19 வயது.

நான் சொன்னது பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

தூங்குமூஞ்சி மரத்துப் பலகை, 6 அடிக்கு 3 அடி. அந்த மரத்தின் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் காற்று இருக்கிறது. அதனால், ரெசினைக் கனமாக ஊற்றுவதற்கு முன் அதிலேயே கொஞ்சம் எடுத்து, பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசித் துளைகளை அடைக்க வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் அது விரலில் பிசுக்கென்று ஒட்டும் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் ஊற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். முழுக்கக் காயவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே ஊற்றலாம். இதையெல்லாம் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

டீச்சரம்மா மகள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. "முதல் பூச்சு போடலையாண்ணே?" என்று அவன் கேட்டான். "நேரமில்ல, கலக்கு" என்றேன்.

சித்திரை மாதம், காலை பத்து மணி, மேலே தகரக் கூரை. ஏறுவெயிலில் மரம் சூடேற, உள்ளே இருக்கும் காற்று விரிந்து மேலே வரும். பொழுது சாய்ந்து ஊற்றியிருந்தால் மரம் குளிரக் குளிரக் காற்றும் சுருங்கியிருக்கும். அதற்கும் நான் காத்திருக்கவில்லை. குமிழிகள் வர வர ஹீட் கன்னை ஓட்டினேன். உடைந்தன, மறுபடி வந்தன. ஆத்திரத்தில் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். மரம் இன்னும் சூடாகி, இன்னும் கக்கியது. ரெசின் இறுகத் தொடங்கியதும் குமிழிகள் அப்படியே நின்றுவிட்டன.

பையன் நிதானமாகத்தான் கலக்கினான். 2 பங்கு ரெசினுக்கு 1 பங்கு ஹார்டனர் அளந்து, டப்பாவின் ஓரத்தையும் அடியையும் வழித்து, வேறு டப்பாவுக்கு மாற்றி மறுபடியும் கலக்கினான். கலக்கியதில் தவறு இருந்தால் குமிழி பலகை முழுக்கப் பரவியிருக்கும். இங்கே மரத்தின் ரேகை போன வழியிலும் கணுவைச் சுற்றியும் மட்டுமே வரிசையாக நின்றது. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகும் அவனைக் காட்டினேன்.

விழா முடிந்ததும் மேசையைத் திரும்ப எடுத்து வந்து, தேய்த்து, முதல் பூச்சு பூசி, சாயங்காலத்தில் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதமே பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். டீச்சரம்மாவிடம் உண்மையை நான் சொல்லவேயில்லை.

அன்று பலகையின் விளிம்பில் வழிந்த ரெசின், கீழே விரித்திருந்த பாலித்தீன் தாளில் விழுந்து இறுகியிருந்தது. அவன் கலக்கிய அதே டப்பாவில் இருந்து ஊற்றியதுதான். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதில் ஒரு குமிழிகூட இல்லை.