பதிவில் இல்லாத மகள்

முதியோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றிருக்கிறோம். அக்கடமையைக் கூலிக்கு மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது, அந்தக் கூலி ஏன் பெரும்பாலும் இரகசியமாகவே கைமாறுகிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கத்தோலிக்க நாடாகிய இத்தாலியில் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. நம்மவர் பலரும் அங்கே இவ்வேலையில் இருப்பதால், இதனை அயலார் கதை என்று ஒதுக்க இயலாது.

முதியவரின் வீட்டிலேயே தங்கிப் பராமரிக்கும் பெண்ணை அங்கே 'பதந்தே' என்பர். கவனித்துக்கொள்பவள் என்று பொருள். உக்ரைன், ருமேனியா, பெரு, இலங்கை எனப் பல நாட்டுப் பெண்கள் இப்பெயரைச் சுமக்கின்றனர். வீட்டுப் பணியாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பது கணிப்பு. நாட்டில் தங்கும் அனுமதி இல்லாமையே காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான். ருமேனியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்நாட்டுப் பெண்களுக்கு அனுமதிச் சிக்கல் இல்லை. ஆயினும் அவர்களுள்ளும் பலர் பதிவின்றியே உழைக்கின்றனர்.

வேர் வேறிடத்தில் இருக்கிறது. பிறர் துணையின்றி நடமாட இயலாதவருக்கு, வருமானம் பாராமல் உதவிப்பணம் வழங்க 1980இல் இத்தாலி சட்டம் செய்தது. இன்று அது மாதம் 500 யூரோவுக்குச் சற்று மேல். எவ்வாறு செலவிட்டீர்கள் என்று கேட்பார் இல்லை. முறைப்படி பதிந்தால் சமூகக் காப்புறுதிப் பணம், விடுமுறைச் சம்பளம், பதின்மூன்றாவது மாதச் சம்பளம், வேலை முடியும்போது பணிக்கொடை எல்லாம் தரவேண்டும். சிறு ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு இது தாங்காது. அரசும் அறியாததன்று. முதியோர் இல்லங்களைத் தானே நடத்துவதைவிட, கண்ணை மூடிக்கொள்வது அதற்கு மலிவு! இடையிடையே பொதுமன்னிப்பு அறிவிக்கும். வீட்டுப் பணியாளருக்கென்றே 2009இல் அறிவித்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன.

ஆனால், பணக்கணக்கு மட்டும் இதை விளக்கிவிடாது. பலேர்மோ நகரின் மலைமேல் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் உண்டு. நம் தமிழ் மக்கள், கிறிஸ்தவரும் இந்துக்களுமாக, அங்கே ஏறிச் செல்வர். நாம் சென்ற ஞாயிறன்று யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவரோடு உரையாட நேர்ந்தது. அவரிடம் வதிவிட அனுமதி இருந்தது, வேலைக்குத்தான் பதிவில்லை. கேட்டோம். "பதிவுக்குக் கட்டுற காசை என்ரை கையிலை தந்தால் ஊரிலை பிள்ளையளின்ரை படிப்புக்கு அனுப்புவன். அந்த அம்மா என்னை மகள் எண்டுதான் கூப்பிடுறா. மகளுக்கு என்ன பதிவு?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மூதாட்டியும் பொய்யாக அழைக்கவில்லை. அதனால்தான் இதைப் பேசுவது கடினமாக இருக்கிறது. மகளிடம் ஒப்பந்தம் கேட்பது அநாகரிகம். மகளுக்கு வேலைநேரம் கிடையாது, இரவில் எத்தனை முறை எழுந்தாள் என்ற கணக்கும் கிடையாது. அன்பென்ற சொல் வந்து அமர்ந்ததும் நீதியென்ற சொல் எழுந்து போய்விடுகிறது. பங்குகளில் ஆள் தேடிக் கொடுக்கும் நல்ல உள்ளங்களும், நம்பிக்கையானவரா என்று விசாரிக்கும் அளவுக்கு, பதிந்து வைப்பீர்களா என்று விசாரிப்பதில்லை.

அடுத்த ஆண்டு அந்த மூதாட்டி காலமானார். அடக்கத் திருப்பலியில் நம் சகோதரியைக் குடும்பத்தாரின் வரிசையிலேயே அமர்த்தினார்களாம். மறுவாரம் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டைப் பூட்டினார்கள்.