தண்ணிக்குள்ள அடங்கிக் கிடக்குற நெல்

ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா எங்க பக்கம் டீக்கடையில கேக்குற முதல் கேள்வி, "ஏரி எத்தனை அடி?" என்பதுதான். வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி. மழை வலுத்தா லால்பேட்டை மதகு வழியா வெள்ளியங்கால் ஓடையில உபரித் தண்ணிய விடுவாங்க. ஓடையை ஒட்டின பள்ளக்கால் வயல்ல நட்ட சம்பா முழுகிப் போகும். சென்னையில நீங்க குடிக்கிற வீராணம் தண்ணிக்கு இப்படி ஒரு பக்கமும் இருக்குங்க.

முழுகின பயிர் மூச்சு முட்டித்தான் சாகுதுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தோம். பாதிதான் உண்மை. பயிருக்குள்ள எத்திலீன்னு ஒரு வாயு எப்பவும் ஊறும். வாழைத்தாரைப் பழுக்க வைக்குமே, அதே சரக்கு. சாதாரணமா அது காத்தோட போயிடும். தண்ணிக்குள்ள போக வழியில்லாம உள்ளேயே சேரும். உடனே ஜிப்ரலின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் கிளம்பி, "மேல வா, மேல வா"ன்னு விரட்டும். ஆளுயரம் தாண்டுற காட்டுயானத்துக்கு அது சரி. குட்டை ரகம் என்ன செய்யும்? சேத்து வச்ச மாவுச்சத்தையெல்லாம் செலவழிச்சு வெளிறிப்போய் நீளும். தண்ணி வடிஞ்சதும் நிக்கத் தெம்பில்லாம சாஞ்சு அழுகும். பயிரைக் கொல்றது பாதி அதோட அவசரம்தான்.

ஒடிசாவுல எஃப்ஆர் 13ஏ-ன்னு ஒரு பழைய ரகம் மட்டும் அப்படி நீளாம அடங்கிக் கிடந்து பிழைச்சுது. காரணமான மரபணுவை 2006-ல கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்சது ஒரு விஷயம்: வளரச் சொல்லி விரட்டுற அதே எத்திலீன்தான் அந்த மரபணுவையும் எழுப்புது. அது எழுந்து ஜிப்ரலினுக்குக் கட்டை போடுற புரதங்களைப் பெருக்கும். ஒரே வாயு முடுக்கவும் செய்யுது, பிடிக்கவும் செய்யுது. தண்ணி வடிஞ்சா கட்டை விலகும், பயிர் மறுபடி துளிர்க்கும்.

நம்ம பொன்மணியில, அதாவது சிஆர் 1009-ல, அந்த மரபணுவைச் சேத்ததுதான் சிஆர் 1009 சப்-1. முழுசா முழுகி பத்து, பதினாலு நாள் வரைக்கும் தாங்கும். அதுக்காக இதை மந்திர நெல்லுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கலங்கல் தண்ணின்னா வெளிச்சம் இறங்காது, அவ்வளவு நாள் தாங்காது. பூக்குற நேரத்துல முழுகினா இதுவும் பதர்தான். இன்னொன்னு, எங்க பள்ளக்கால்ல பல வருஷம் பயிர் முழுசா முழுகுறதில்லை, முழங்கால் தண்ணி மாசக்கணக்குல வடியாம நிக்கும். அங்கே அடங்கிக் கிடக்குற குணம் உதவாது. கொஞ்சம் உயரமா வளர்ற பயிர்தான் வேணும். அதுக்கு வாய்க்காலைத் தூர் வாரினாலே பாதி வேலை முடிஞ்சிடும்.