முழங்கால் காயமும் வடசேரி நகையும்

நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் வடசேரி தெரியும். ஆனால் வடசேரியைப் பார்த்தவர்கள் சொற்பம். கிறிஸ்டோபர் பஸ் நிலையத்தில் இறங்குவார்கள். ஒரு காப்பி சாப்பிடுவார்கள். கன்னியாகுமரி பஸ் எங்கே என்று கேட்பார்கள். சுமார் 20 கிலோமீட்டரில் கடல் காத்திருக்கிறது. விவேகானந்தர் பாறை காத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் 133 அடி உயரத்தில் திருவள்ளுவரும் நிற்கிறார். அப்புறம் வடசேரியில் யார் தங்குவார்கள்?

கால் தடுக்கினால் தங்க வேண்டியதுதான்!

என்னோடு வந்திறங்கிய சென்னைக் குடும்பம் ஒன்றுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண். கன்னியாகுமரி பஸ்ஸைக் கண்டதும் குழந்தை ஓடினாள், விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. "ஓடாதே, ஓடாதே என்று எத்தனை தடவை சொன்னேன்!" என்று அப்பா அதட்டினார். பாவம், ஒரே நாள் லீவு. இரவு ரயிலுக்கு டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. அம்மாவோ காப்பிப் பொடி கேட்டு ஹோட்டலுக்கு விரைந்தாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். காயத்தில் காப்பிப் பொடியும் வேண்டாம், மஞ்சள் பொடியும் வேண்டாம். சுத்தமான தண்ணீரை ஓட விட்டு, சோப்புப் போட்டு மண் போகக் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, மண் உள்ளே புகுந்திருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

டாக்டர் இரண்டு தையல் போட்டார். கடல் தண்ணீரும் மணலும் படவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காயத்துக்கு மருந்திடுவதில் இந்த ஊருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் 1893-இல் நாகர்கோவிலில் ஒரு குளியலறையையே மருந்தகமாக்கி ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார். 1900-இல் டாக்டர் பெர்ஸி டர்னர் வந்தார். அந்தச் சின்ன ஆரம்பம் கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண்ட்ரூஸ் 1919-இல் வஜீரிஸ்தானில் காயம்பட்ட வீரர்களைக் காப்பாற்றும்போது உயிர் நீத்தார். அவர் மறைந்த பிறகு விக்டோரியா கிராஸ் விருது அளிக்கப்பட்டது.

கட்டுப் போட்ட காலுடன் குழந்தை வெளியே வந்தாள். "என்னாலேதானே அம்மா, கடலுக்குப் போகவில்லை?" என்று விசும்பினாள். அப்பா பேசவில்லை. கனகமூலம் சந்தைப் பக்கம் மட்டிப் பழம் விற்ற பாட்டி ஒருத்திதான் பேசினாள். "பிள்ளைய ஏசாதீங்கம்மா. அழாத மக்களே, கடல் எங்கயும் ஓடிப் போவாது" என்று ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள். விரல் நீளமே உள்ள பழம். மணமோ தெருவைத் தூக்கியது! பாட்டியே கோயில் நகை செய்யும் வீட்டுக்கு வழியும் காட்டினாள்.

பரதநாட்டிய மேடையில் பெண்கள் அணியும் தலைசாமானும், சூரியப் பிரபை, சந்திரப் பிரபையும், ராக்கொடியும், ஒட்டியாணமும் எங்கே பிறக்கின்றன தெரியுமா? இந்தத் தெருக்களில்தான்! முதலில் கோயில் விக்கிரகங்களுக்காகச் செய்த நகைகள் இவை. வெள்ளியில் உருவம் அமைத்து, அரக்கு நிரப்பி, சிவப்புக் கற்களைப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்தி ஒட்டுகிறார்கள். மெல்லிய ரேக்கு என்பதால் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டுதான் வேலை! நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

குழந்தை நாட்டியம் கற்பவளாம். அம்மா சொன்னதுதான் தாமதம், ஆசாரி முடிந்திருந்த நெற்றிச்சுட்டி ஒன்றை எடுத்து அவள் வகிட்டில் வைத்துக் கண்ணாடியைக் காட்டினார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ! நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளால் அபிநயம் பிடித்தாள். அப்பாவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "அடுத்த லீவில் கடலுக்குப் போகலாம், கண்ணு" என்றார்.

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் பையில் கொஞ்சம் பஞ்சும் கட்டுத் துணியும் எடுத்துச் செல்லுங்கள். திட்டம் குலைந்தால் குழந்தையைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அதற்கு ஏற்கெனவே வலிக்கிறது. யாருக்கும் கால் தடுக்காவிட்டாலும், வடசேரிக்கென்று அரை நாள் ஒதுக்கி வையுங்கள்.