படுவான்கரையில் ஒரு ஞாயிறு

போன ஆகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் ஏழு பேர் மட்டக்களப்புக்கு ஊழியப் பயணம் போயிருந்தம். கொஞ்சம் பிந்தினாலும் எழுதி வைக்க வேணும் என்று நினைத்த பதிவு இது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் எழுவான்கரை. மேற்கே, வயல் பக்கம் படுவான்கரை. குருமண்வெளியில் பாதை ஏறி அக்கரையில் இறங்கினம். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் எங்கட கிற்றார் பெட்டி, பிஸ்கட் பெட்டி, அச்சடித்த நிகழ்ச்சி நிரல்.

தமிழ் ஆட்கள், தமிழ் ஆராதனை, இதில் என்ன வேறு கலாசாரம் என்றுதான் நினைத்தம். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டுக்கு இங்கத்தைய பாஷையும் புதுசு, காலநிலையும் புதுசு. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு அடித்தளம் போட்டவர், ஒரு வருஷம் முடிய முதலே இங்கேயே இறந்து போனார். எங்களுக்கு அந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று பாதையில் நின்று பகிடி விட்டது நல்லா நினைவிருக்கு.

எட்டரைக்கு ஆராதனை என்றார்கள். எட்டரைக்கு நாங்களும் போதகரும் மட்டும். சிறுபோக அறுவடைக் காலம், சனம் மெதுவாகத்தான் வந்தது. செருப்பு வெளியில். வாங்கு இல்லை, பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாசலில் ஒரு பொடியன் எல்லாருடைய பையையும் திறந்து பார்த்தான். எங்கட கிற்றார் பெட்டியையும். "குறை நினைக்காதீங்க அண்ணன்" என்றான்.

அன்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். தண்ணீர் தலையில் பட்டதுதான் தாமதம், பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு அம்மம்மா குரவை போட்டா. மற்றவர்களும் சேர்ந்தார்கள். நாங்கள் ஆளை ஆள் பார்த்தம். "இது கோயில்ல போடுறதல்லோ?" என்று எங்களில் ஒருத்தர் காதுக்குள் கேட்டார். பின்னேரம் இதைப்பற்றிக் கொஞ்சம் 'விளக்கம் குடுக்க' வேணும் என்றும் முடிவெடுத்தம்.

பிரசங்கம் தொடங்க, பிள்ளைகளை எங்களிடம் விட்டார்கள். பக்கத்து அறையில் கதை, பிறகு முற்றத்து மாமரத்துக்குக் கீழ் விளையாட்டும் பிஸ்கட்டும். இதுதான் நிரல். பிள்ளைகளை எழுப்பின உடனே ஞாயிறுப் பாடசாலை அக்கா கதவடியில் வந்து நின்றா.

"உள்ளுக்கே வச்சிக் குடுங்க. பெரியாக்கள் முடிச்சி வரட்டும்."

வெக்கையாக இருக்கே அக்கா என்று இன்னொரு தரம் கேட்டம். அவ பதில் சொல்லேல்லை. பை பார்த்த பொடியன்தான் மெதுவாகச் சொன்னான்: "சியோன்ல புள்ளைகள் வெளியில நின்டதுதான்."

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரில் சியோன் தேவாலயம். ஞாயிறுப் பாடசாலை முடிந்து சிற்றுண்டிக்காக வெளியில் வந்து நின்ற பிள்ளைகள். குண்டு வெடித்துச் செத்தவர்களில் பலர் அவர்கள்தான். எங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. அப்ப நாங்களும் மெழுகுதிரி கொளுத்தினம், முகநூலில் படம் மாத்தினம். ஆனால் நிரல் எழுதேக்க ஏழு பேரில் ஒருத்தருக்கும் அது நினைவுக்கு வரேல்லை.

விளையாட்டை உள்ளுக்கே வைத்தம். இடம் காணாது, ஒரே வேர்வை. பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவே தெரியேல்லை.

ஆராதனை முடிய அந்த அம்மம்மாவிடம் போனம். விளக்கம் குடுக்கிற எண்ணம் அதுக்குள்ள போய்விட்டது. ஏன் குரவை போட்டீங்கள் என்று மட்டும் கேட்டம். அவ சிரித்தா.

"கண்ணகை அம்மனுக்கும் போடுவாங்க, கலியாணத்துக்கும் போடுவம். ஒரு புள்ளைக்கு நல்லது நடக்கக்குள்ள வாயப் பொத்திக்கிட்டு இரிக்கேலுமா மனே?"

இத்தனை வருஷம் போர், பிறகு சுனாமி, பிறகு அந்த ஞாயிறு. அதுக்குப் பிறகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆராதனைக்கு வந்து, பையைத் திறந்து காட்டி, உள்ளே இருந்து குரவை போடுகிற சனம். அவர்களுக்கு விசுவாசத்தைப் பற்றிச் சொல்லிக் குடுக்கத்தான் நாங்கள் வாவி கடந்து போயிருக்கிறம்.

அடுத்த வருஷம் போகிறவர்களுக்கு ஒன்று: நிரல் எழுத முதல் அந்த அக்காவுக்கு ஒரு கோல் எடுங்கோ. நம்பர் எங்களிட்ட இருக்கு.