நெய்வேலியில் இரு நாட்கள்

பண்ருட்டியைக் கடந்ததும் சாலையின் இருமருங்கிலும் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் தொடர்கின்றன. பலாப்பழத்தின் மணம் பேருந்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. "ஆர்ச் கேட் இறங்குங்க" என்று நடத்துநர் குரல் கொடுக்க, மூட்டைகளோடு இறங்கினோம். இம்முறை நாம் சென்றது ஊர் பார்க்க அன்று. நம் தங்கையின் கணவர் சுரங்கத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றுவிட்டார். நிறுவனம் தந்த வீட்டைக் காலி செய்யவேண்டும். சாமான் கட்ட ஆள் வேண்டுமென்று தங்கை எழுதியிருந்தாள்.

இவ்வூரின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டச் செய்தபோது, பீறிட்ட நீரோடு கருநிறப் பொருளும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரிந்தது. சுரங்கத்திற்கென்று அவர் 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வழங்கியதாக இவ்வூரார் இன்றும் பெருமையோடு கூறுகின்றனர். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரியை எடுப்பதோ எளிதாயில்லை. கரிப்படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு நின்றது. அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கியெழாமல் இருக்கும். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. நம் மைத்துனரும் அதைச் சொல்லிச் சிரித்தார்: "மச்சான், எனக்கு முன்னால் அது ரிடையர் ஆகிவிட்டது!"

நகரியத்திற்குள் நுழைந்தால் வேறோர் உலகம். அகன்ற வீதிகள், வரிசை வரிசையாக மரங்கள், எண்ணிட்ட வட்டங்கள், வீட்டுக்கு வீடு தோட்டம். வாடகை பெயரளவிற்கே. தண்ணீர், மின்சாரம், மருத்துவமனை, பள்ளி, விளையாட்டுத்திடல் யாவும் ஒரே கையிலிருந்து வருகின்றன. சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் பிள்ளைகளை வளர்த்த நமக்கு இதைக் கண்டு சற்றுப் பொறாமைகூட உண்டாயிற்று, மறைப்பானேன்?

ஆனால் சுவர் முதல் வாசற்படி வரை எதுவும் குடியிருப்பவருடையதன்று. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அடுத்துப் பணிக்கு வருபவருக்கும் கூரை வேண்டுமல்லவா? ஆகவே விதியைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் அவ்விதி ஊரின் இயல்பையே மாற்றிவிடுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது இதனை உணர்ந்தோம். நம் ஊர்ப் பங்குகளில் முன்வரிசையில் செபமாலையோடு அமர்ந்திருக்கும் எண்பது வயதுப் பாட்டிமார் இங்கே மிகச் சிலரே. முதுமை தொடங்கும்போது குடும்பங்கள் வெளியேறிவிடுகின்றன.

எங்கே போவது? பிறந்த ஊரில் நிலமில்லை, அறிந்தவருமில்லை. பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்றால் அது நெய்வேலிதான். எனவே பலரும் வாயிலுக்கு வெளியே இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம், வடலூர் என்று மனை தேடுகின்றனர். ஓய்வுபெறுவோர் கையில் மொத்தமாகப் பணம் வரும் என்பதை மனை விற்பவரும் அறிவர். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. தங்கை வாங்கிய சிறு மனைக்கே பணிக்கொடையில் பாதிக்கு மேல் போய்விட்டது. வீடு கட்டி முடியும்வரை வாடகை வேறு. "முப்பத்தைந்து வருடம் வாடகை என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்துவிட்டோம், அண்ணா" என்றாள்.

அவளுக்காவது பணிக்கொடை உண்டு. வடக்குத்துத் தேநீர்க் கடையில் நாம் சந்தித்த முதியவருக்கு அதுவும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியாகவே காலம் கழித்தவர். "எங்கள் ஊர் எது தெரியுமா, ஐயா? அதோ அந்தக் குழிதான்" என்று சுரங்கத்தின் பக்கம் கையைக் காட்டினார். நிலத்தைக் கொடுத்தவர் வாடகை வீட்டில். அந்நிலத்திற் பிறந்த மின்சாரமோ தென்னாடெங்கும்! இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விடும் நிலையிலிருந்த நெல்வயலில் கால்வாய் வெட்டியபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. பயிரிழப்பிற்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு உயர்நீதிமன்றம் கூறிற்று.

ஊர் முழுவதற்கும் ஒரே உடைமையாளர் என்னும் ஏற்பாடு புதிதன்று. அமெரிக்காவில் சிகாகோ அருகே ரயில்பெட்டி செய்த புல்மன் என்பார் 1880இல் தம் தொழிலாளருக்கென அழகிய ஊரொன்றைக் கட்டினார். வணிகம் நலிந்தபோது கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆலைக்குத் தேவையற்ற வீடுகளையெல்லாம் விற்றுவிடும்படி 1898இல் நீதிமன்றம் ஆணையிட்டது. இன்றும் அந்நாட்டின் பனிச்சறுக்கு மலையூர்கள் சில பெருநிறுவனங்களின் பிடியில் உள்ளன; அங்கே வேலை செய்வோர் வாடகை கொடுக்க இயலாமல் தொலைவிலிருந்து வந்து போகின்றனர்.

நெய்வேலியின் உடைமையாளர் அரசு; அவ்வளவில் நற்பேறே. ஆயினும் அரசின் பங்கும் சிறிது சிறிதாகக் கைமாறுகிறது. 2006இல் பங்கு விற்பனைத் திட்டம் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2013இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், அப்போது 3.56 விழுக்காட்டைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. 2024 மார்ச்சில் மேலும் 7 விழுக்காடுவரை விற்பனைக்கு வந்தது. "பங்கு வாங்கியவர் எவருக்கும் இந்த வீதியின் பெயர் தெரியுமா?" என்று மைத்துனர் கேட்டார். நமக்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மாலைக்குள் சாமான்கள் வண்டியேறிவிட்டன. சாவியை ஒப்படைக்குமுன் தங்கை வீட்டைப் பெருக்கிக் கோலமிட்டாள். கொல்லையில் அவள் மணமாகி வந்த ஆண்டு நட்ட பலாமரம். அடிமரத்தில் ஏழெட்டுக் காய்கள், எதுவும் முற்றவில்லை. அடுத்து வரப்போகும் பெண்ணின் பெயரை விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தாள். பழைய நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து, எந்தக் காயை எந்த மாதம் வெட்டவேண்டும் என்று எழுதி, சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.